செல் சவ்வு – சுவரா? எண்ணெய்ப் படலமா?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

"செல் சவ்வின் பணி யாது?" என்பது நமக்கெல்லாம் பழகிப்போன இரண்டு மதிப்பெண் வினா. "செல்லைச் சூழ்ந்து அமைந்து அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவிவிடுவோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இந்த விடையைப் படிக்கும் எவருக்கும் கோட்டைச் சுவர்தான் நினைவுக்கு வரும். பாடநூலில் உள்ள படமும் அப்படித்தான்: இரண்டு வரிசைத் தலைகள், நடுவில் வால்கள், ஆங்காங்கே புதைந்த புரதங்கள், எல்லாம் செங்கல் அடுக்கியதுபோல் அசையாமல் நிற்கும்.

உண்மை வேறு. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குள் வாழ்கிறது. அதன் தடிப்பு ஏறக்குறைய 5 நானோமீட்டர். இருபது லட்சம் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு சென்டிமீட்டர் உயரம் வரும். அதில் ஒரு மூலக்கூறை மற்றொன்றோடு கட்டிவைக்கும் வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. தையல் இல்லை, சாந்து இல்லை. அது திரவமாக இருப்பதனால்தான் நாம் உயிரோடிருக்கிறோம். இதைச் சற்று விரிவாகச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கதை ஒரு குளத்தில் தொடங்குகிறது. மின்னலைப் பட்டத்தில் பிடித்தவர் என்று நாம் அறிந்த பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனை அடுத்த கிளாப்பம் என்னும் இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். காற்றில் அலைந்துகொண்டிருந்த நீர், ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்புக்குக் கண்ணாடிபோல் அமைதியாயிற்று. இச்செய்தி 1774-இல் வெளியாயிற்று. ஒரு தேக்கரண்டியை 5 மில்லிலிட்டர் என்று கொண்டு அரை ஏக்கரால் வகுத்துப் பாருங்கள். படலத்தின் தடிப்பு 2.5 நானோமீட்டர் என்று வரும். அதாவது ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்! பிராங்க்ளின் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. மூலக்கூறை அளக்கும் எண்ணம் அக்காலத்தில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அடுத்த படியை வைத்தவர் ஒரு பெண்மணி. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம் அது. வீட்டு வேலைகளுக்கிடையே, சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த நீரைக் கவனித்து, ஒரு தகரத் தொட்டியும் நகரும் தகட்டுப் பட்டையும் கொண்டு நீர்ப்பரப்பின் இழுவிசையை அவர் அளந்தார். பல ஆண்டுகள் தனியே செய்த ஆய்வை 1891-இல் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ஜெர்மன் மொழியில் இருந்த அக்கடிதத்தை ராலேயின் மனைவி ஆங்கிலப்படுத்த, அது அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னாளில் லாங்மியர் என்ற அமெரிக்கர் அமைத்த தொட்டி பாக்கெல்ஸின் தொட்டியிலிருந்து வளர்ந்ததே. லாங்மியருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பாடநூல்களில் பாக்கெல்ஸின் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அந்தத் தொட்டியைத்தான் 1925-இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் கார்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் பயன்படுத்தினர். இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்து, நீர்மேல் ஒரு மூலக்கூறு தடிப்பில் பரப்பி, அதன் பரப்பை அளந்தனர். சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் அது இரு மடங்காக இருந்தது. ஆகவே செல்லைச் சுற்றிக் கொழுப்பு இரண்டு அடுக்காக உள்ளது என்று முடிவு கட்டினர். முடிவு சரி. வேடிக்கை என்னவென்றால், வழி சரியில்லை. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. உலர்ந்த அணுக்களை அளந்ததால் மேற்பரப்பும் குறைவாகவே கணக்கிடப்பட்டது. இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன! நம் செய்முறைத் தேர்வில் இப்படி நேர்ந்தால் ஆசிரியர் விடுவாரா என்பது வேறு செய்தி.

ஏன் இரண்டு அடுக்கு? இதற்கு விடை அந்த மூலக்கூறின் உருவத்தில் இருக்கிறது. சவ்வில் மிகுதியாக உள்ள கொழுப்புப் பொருள் பாஸ்போலிப்பிடு. கிளிசரால் என்னும் சிறு தண்டு. அதில் இரண்டு கொழுப்பு அமில வால்கள். மூன்றாம் இடத்தில் பாஸ்பேட்டும் அதனோடு சேர்ந்த இன்னொரு தொகுதியும் கொண்ட தலை. முட்டை மஞ்சள் கருவில் நிறைந்துள்ள லெசித்தின் இவ்வகையே. தலை மின்னூட்டம் உடையது, நீரை நாடும். வால்கள் எண்ணெய்; நீருக்கு ஆகாதவை. இத்தகைய மூலக்கூறுகளை நீரில் விட்டால், வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்க, தாமாகவே ஏடாகப் படிகின்றன. ஏட்டின் ஓரத்தில் வால்கள் நீரில் நனையுமல்லவா? அதனால் ஓரமே இல்லாதபடி ஏடு வளைந்து பந்தாக மூடிக்கொள்கிறது. கிழித்தால் தானே கூடிக்கொள்வதும் இதனால்தான்.

"வால்கள் நீரை வெறுக்கின்றன" என்று எழுதுவது வழக்கம். வெறுப்பு என்ற சொல் பொருந்தாது என்பது என் கருத்து. எண்ணெய் வாலை நீர் சூழ நேர்ந்தால், நீர் மூலக்கூறுகள் தம் விருப்பம்போல் திரும்ப முடியாமல் ஓர் ஒழுங்கில் அடைபடுகின்றன. வால்கள் ஒன்றுகூடி விலகினால் நீருக்கு விடுதலை. ஆகவே சவ்வைக் கட்டி நிறுத்துவது கொழுப்பு அன்று, சூழ்ந்துள்ள நீரே. நீரை எடுத்துவிட்டால் சவ்வும் இல்லை.

இங்கே சோப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். சோப்புக்கும் தலையும் வாலும் உண்டு. ஆனால் வால் ஒன்றே. தலை அகன்று வால் ஒடுங்கிய உருவம், ஏடாக அடுக்க வராது. சிறு உருண்டைகளாகத்தான் திரளும். இரண்டு வால் இருந்தால் உருளை வடிவம். ஏடாக அடுக்க வரும். ஒரு வாலைக் கழற்றிவிட்டால் சவ்வின் சரக்கு சோப்பாகிவிடும்! இந்த வரியை மறவாதீர்கள். பின்னால் ஒரு பாம்பு வரப்போகிறது.

இனி திரவத்தன்மை. 1970-இல் பிரை, எடிடின் என்ற இருவர் ஒரு மனிதச் செல்லையும் ஓர் எலிச் செல்லையும் ஒன்றாக இணைத்து ஒரே செல்லாக்கினர். மனிதப் புரதங்களுக்கு ஒரு நிறமும் எலிப் புரதங்களுக்கு வேறு நிறமும் ஒளிரும்படி அடையாளமிட்டனர். முதலில் ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம். உடல் வெப்பநிலையில் நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் இரு நிறமும் எங்கும் கலந்துவிட்டன. குளிரில் வைத்தபோதோ கலக்கவில்லை. கொழுப்புக் கடலில் புரதங்கள் மிதக்கின்றன என்று சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் வெளியிட்ட திரவ மொசைக் கோட்பாடு நமக்கெல்லாம் பாடம்.

எவ்வளவு திரவம்? ஒரு கொழுப்பு மூலக்கூறு தன் பக்கத்து மூலக்கூறோடு ஒரு விநாடியில் ஏறத்தாழ ஒரு கோடி முறை இடம் மாறிக்கொள்கிறது. ஒரு பாக்டீரியாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச்சேர ஒரு விநாடி போதும். ஆனால் மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் தலைகீழாகப் புரள்வது மட்டும் மிக அரிது. தானாக நடக்க மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். தலை எண்ணெயைக் கடக்கவேண்டுமே! பக்கவாட்டில் இத்தனை சுதந்திரமும் மேல்கீழாக இத்தனை கட்டுப்பாடும் ஒரே பொருளில் இருப்பது வியப்பன்றோ?

திரவமாகவே இருக்க வேண்டுமானால் எண்ணெய் உறையக் கூடாது. மார்கழிக் காலையில் நம் வீட்டு அடுக்களையைப் பாருங்கள். நெய் உறைந்திருக்கும், தேங்காயெண்ணெய் சீசாவுக்குள் வெள்ளையாய்க் கட்டியிருக்கும், நல்லெண்ணெய் மட்டும் எப்போதும்போல் ஓடும். காரணம் இரட்டைப் பிணைப்பு. 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பே இல்லை. அது ஏறத்தாழ 70 டிகிரியில்தான் உருகும். அதே 18 கார்பனில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால் அது ஓலியிக் அமிலம். உருகுநிலை 13 டிகிரி. இரண்டு வந்தால் லினோலியிக். உறைநிலைக்கும் கீழே 5 டிகிரி. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வால் முழங்கைபோல் மடங்கிவிடுகிறது. மடங்கிய விறகை நெருக்கி அடுக்க முடியுமா? அதுபோலத்தான். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற அமிலங்களே மிகுதி. ஆயினும் அதன் வால்கள் குட்டையானவை, ஆதலால் சற்று வெயில் ஏறியதும் உருகிவிடுகிறது.

உயிர்கள் இந்த இரகசியத்தை அறிந்தே நடந்துகொள்கின்றன. ஈ. கோலை பாக்டீரியாவை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து அதன் சவ்வை ஆராய்ந்த சினென்ஸ்கி, 1974-இல் ஓர் அழகான முடிவை வெளியிட்டார். குளிரில் வளர்ந்தவை மடங்கிய வால்களை மிகுதியாகச் சேர்த்துக்கொள்கின்றன. வெப்பத்தில் வளர்ந்தவை நேரான வால்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அவ்வவற்றின் வளர்ப்பு வெப்பநிலையில் அளந்தால் சவ்வின் இளக்கம் எல்லாவற்றிலும் ஒன்றே. குளிர்நீர் மீன்களும் இதையே செய்கின்றன. வெப்பநாட்டு வாழைக்கு இந்த வித்தை வராது. அதனால்தான் வாழைப்பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துப்போகிறது. குளிரால் பழுதுபட்ட சவ்வுகள் பிரித்து வைத்திருந்த பொருள்களைக் கலக்க விட்டுவிடுகின்றன.

விலங்குச் செல்களில் இன்னொரு காவலாளியும் உண்டு. கொலஸ்டிரால் என்றதும் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் மருத்துவரின் எச்சரிக்கையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் சிவப்பணுவின் சவ்வில் பாஸ்போலிப்பிடுக்கு ஏறக்குறைய ஈடான எண்ணிக்கையில் கொலஸ்டிரால் மூலக்கூறுகள் உள்ளன. விறைப்பான அதன் வளையங்கள் வெப்பத்தில் வால்கள் தறிகெட்டு ஆடாமல் தடுக்கின்றன. குளிரில் வால்கள் நெருங்கிக் கட்டிக்கொள்ளாமலும் இடையில் நின்று தடுக்கின்றன. தாவரங்களில் இந்த வேலைக்குச் சிட்டோஸ்டிரால் போன்றவை, பூஞ்சைகளில் எர்கோஸ்டிரால். இந்தக் கடைசிப் பெயர் பின்னர்த் தேவைப்படும்.

தடுப்புச் சுவர் என்ற பழைய விடையையும் முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இந்தப் படலத்தை எளிதாகக் கடக்கும்; நீர் ஓரளவு கடக்கும்; சோடியம், பொட்டாசியம் அயனிகள் மட்டும் கடக்கவே மாட்டா எனலாம். நீரைவிட அயனிகளுக்கு இப்படலம் நூறு கோடி மடங்கு தடையானது. அவை கடக்கப் புரத வாயில்கள் வேண்டும். நரம்புச் செல்லின் உள்ளும் புறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 70 மில்லிவோல்ட்தான். ஆனால் அது 5 நானோமீட்டர் தடிப்பின் குறுக்கே நிற்கிறது என்பதைக் கணக்கிட்டால், ஒரு சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட் ஆகிறது. வறண்ட காற்று 30,000 வோல்ட்டிலேயே பொறி தட்டிவிடும். நாம் நினைப்பதும் நடப்பதும் இந்த எண்ணெய் தாங்கும் மின்சாரத்தால்தான்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். சவ்வின் இரண்டு அடுக்குகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிவப்பணுவைக் கொண்டு பிரெட்ஷர் 1972-இல் இதை எடுத்துரைத்தார். வெளியடுக்கில் லெசித்தினும் ஸ்பிங்கோமையலினும் மிகுதி. பாஸ்படிடில்சீரின் என்ற, எதிர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பு உள்ளடுக்கில் மட்டுமே இருக்கும். அது வெளியே வராதபடி செல் தன் ஆற்றலைச் செலவிட்டு ஓயாமல் உள்ளே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஏன் இந்தப் பாடு? ஏனெனில் அது வெளியே தெரிந்தால் அது ஓர் அறிவிப்பு. இறக்கத் தொடங்கிய செல்லில் அது வெளிப்பக்கம் புரள்கிறது. அதைக் கண்ட விழுங்கணுக்கள் வந்து அச்செல்லை விழுங்குகின்றன. காயம்பட்ட இடத்தில் இரத்தத் தட்டுகள் வேண்டுமென்றே அதைப் புரட்டி வெளியே காட்டுகின்றன. உறைதல் காரணிகள் கால்சியத்தின் துணையோடு அந்தக் கொழுப்புத் தரையில் வந்து அமர்கின்றன. அங்கே கூட்டாக அமர்ந்த நொதி, இரத்தத்தில் தனியே திரியும்போது இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று லட்சம் மடங்கு வேகமாகத் திராம்பினை உண்டாக்குகிறது. இரத்தத் தட்டுகளால் இக்கொழுப்பைப் புரட்ட முடியாத அரிய பிறவிக் குறை ஒன்று உண்டு. அவர்களுக்கு உறைதல் காரணிகள் யாவும் சரியாக இருந்தும் இரத்தம் எளிதில் நிற்காது.

சென்ற ஆண்டு அறுவடையின்போது என் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். செவிலியர் சிறிது இரத்தத்தை எடுத்து ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் நிறுத்திவைத்தார். "இருபது நிமிஷம் யாரும் தொடாதீங்க" என்றார். சித்தி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் செவிலியர் குழாயைச் சாய்த்தார். இரத்தம் தண்ணீர்போல் ஓடியது. உறையவில்லை.

அப்போது எனக்கு விளங்காதது இப்போது விளங்குகிறது. விரியன் நஞ்சிலுள்ள நொதிகள் உறைதல் காரணிகளைத் தகாத இடத்தில், தகாத நேரத்தில் தூண்டிவிடுகின்றன. உடலெங்கும் சிறுசிறு உறைவுகள் தோன்றிக் கரைய, இருப்பிலுள்ள சரக்கெல்லாம் தீர்ந்துபோகிறது. பின்னர் உண்மையான காயத்தில் உறைய ஒன்றுமிராது. அதே நஞ்சில் மிகுதியாக உள்ள இன்னொரு நொதி பாஸ்போலிப்பேஸ் ஏ2. நல்ல பாம்பின் நஞ்சிலும் இது உண்டு. இது செய்வது ஒரே வேலை: பாஸ்போலிப்பிடின் இரண்டு வால்களில் ஒன்றை வெட்டி எடுக்கிறது. மிஞ்சுவது ஒற்றை வால் கொண்ட லைசோலெசித்தின். முன்பு சொன்னேனே, சோப்பு! செல் தன் சவ்வின் சரக்காலேயே கரைகிறது. சிவப்பணு உடைகிறது, தசைச் செல் கசிகிறது.

நான்கு பெரும் நச்சுப் பாம்புகளான நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்குச் சேர்த்து நம் நாட்டில் தயாராகும் நஞ்சுமுறி மருந்தைச் செலுத்தினார்கள். அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில் 1978-இல் தொடங்கிய நம் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நஞ்சுமுறி, சுற்றித் திரியும் நஞ்சைத்தான் பிடித்துக்கட்டும். வெட்டுண்ட வாலை மீண்டும் ஒட்டவைக்காது. கட்டுப் போட்டும் பச்சிலை தேடியும் கழியும் ஒவ்வொரு நாழிகையும் எவ்வளவு சவ்வுக்குச் சமம் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு மணி நேரம் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்தார்கள். இம்முறை குழாயைச் சாய்த்தபோது இரத்தம் அசையாமல் நின்றது. சித்தப்பா இப்போது வயலுக்குப் போகிறார், காலில் செருப்போடு.

வியப்பு என்னவென்றால், பாம்பின் கத்தரிக்கோலுக்கு உறவான கத்தரிக்கோல்கள் நம் செல்களிலும் உள்ளன. அடிபட்ட இடத்தில் நம் பாஸ்போலிப்பேஸ் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற வாலை அளவோடு வெட்டித் தருகிறது. அதிலிருந்து வலியும் வீக்கமும் தரும் புரோஸ்டகிளாண்டின்கள் உண்டாகின்றன. ஆஸ்பிரின் தடுப்பது இந்த இரண்டாம் படியை என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தலைவலிக்கு மாத்திரை போடுகிறவர்கள் தம் சவ்வின் வாலைப் பற்றிய வழக்கில்தான் தலையிடுகிறார்கள்!

கடைசியாக எர்கோஸ்டிரால். கொலஸ்டிராலைவிட ஒரு கார்பனும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் அதற்குக் கூடுதல், அவ்வளவே வேறுபாடு. அந்த அற்ப வேறுபாட்டை நம்பித்தான் பூஞ்சை மருந்துகள் பல நிற்கின்றன. படர்தாமரைக்குத் தடவும் குளோட்ரிமசோல், பூஞ்சை எர்கோஸ்டிரால் செய்வதையே தடுக்கிறது. ஆம்போட்டெரிசின்-பி செய்து முடித்த எர்கோஸ்டிராலைப் பற்றுகிறது. அது சவ்வைத் துளையிடுகிறது என்றே நெடுங்காலம் கருதினர். சவ்விலிருந்து எர்கோஸ்டிராலைப் பஞ்சுபோல் உறிஞ்சி எடுப்பதே அதன் முதன்மை வேலை என்ற ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஆனால் நம் கொலஸ்டிராலையும் அது சிறிது பற்றும்; ஆகையால் சிறுநீரகத்துக்குக் கேடு.

இதற்கு வழி, மீண்டும் கொழுப்பிலேயே கிடைத்தது. இங்கிலாந்தில் பாங்கம் என்பவர் இரத்தம் உறைதலில் பாஸ்போலிப்பிடுகளின் பங்கை ஆராய்ந்துகொண்டிருந்தவர். நீரில் ஊறிய லெசித்தினை 1960-களின் தொடக்கத்தில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல் சவ்வைப் போன்ற இரட்டையடுக்குக் குமிழ்கள் தெரிந்தன. அவையே லிப்போசோம்கள். அக்குமிழ்களின் சவ்வில் ஆம்போட்டெரிசினைப் பொதிந்து செலுத்தினால் சிறுநீரகம் பெரும்பாலும் தப்புகிறது. 2021-ஆம் ஆண்டு மே, சூன் மாதங்களில் கொரோனாவிலிருந்து எழுந்தவர்களைக் கருப்புப் பூஞ்சை தாக்கியபோது, நாடெங்கும் மருந்துக்கடை மருந்துக்கடையாக மக்கள் தேடி அலைந்தது இந்தக் குமிழ்களைத்தான். அவற்றின் உறை பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுத்த லெசித்தினும் கொலஸ்டிராலும் கலந்தது. வால்களில் இரட்டைப் பிணைப்புகளைப் போக்கி நேராக்கியிருப்பார்கள். உடல் சூட்டில் குமிழ் இளகி உடைந்துவிடாமல் இருக்கவேண்டும் அல்லவா! வெறும் மருந்தானால் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம், மிஞ்சினால் ஒன்றரை. 5 நானோமீட்டர் கொழுப்புக்குள் வைத்துக் கொடுத்தால் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாங்குகிறது அதே சிறுநீரகம்.